'மழைக்கு முன்னாடியே அறுத்த புல்' என்று சொல்லி விற்கிறார்கள், நடுக்கட்டைப் பிரித்துப் பாருங்கள்

குதிரை வளர்ப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். இந்தக் கோடை முழுக்க மழை. ஒரு நாள் வெயில் அடித்தால் அடுத்த நாள் தூறல். எந்த வயலிலும் அறுத்த புல் ஒழுங்காகக் காயவில்லை. இப்படிப்பட்ட வருடத்தில் உலர்புல் விற்கிறவர் ஒருவர், "இது மழைக்கு முன்னாடியே அறுத்ததுங்க, சருகு மாதிரி காஞ்சிருக்கு" என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். எனக்கு அப்படிச் சொல்லித்தான் ஒரு லோடு ஈரப்புல்லை இறக்கிவிட்டுப் போனார். ஆள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. என்ன செய்தார் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

அவருடைய கொட்டகையில் மாதிரிக்கு ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினார். இளம்பச்சை நிறம், நல்ல வாசனை, கையில் எடுத்தால் மொறுமொறுவென்று இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. லோடு வந்தபோதும் வண்டியின் வெளி வரிசைக் கட்டுகள் அதே தரத்தில்தான் இருந்தன. உள்வரிசையை இறக்கும்போதுதான் தூக்கியவர்கள் முனக ஆரம்பித்தார்கள். ஒரே அளவுக் கட்டு, ஆனால் எடை எக்கச்சக்கம். கேட்டதற்கு, "இறுக்கிக் கட்டினதுங்க, அதான் கனம்" என்றார். இறுக்கிக் கட்டினால் எடை கூடும் என்பது உண்மைதான், அதனால்தான் அந்தப் பதில் எடுபடுகிறது. ஒரு கட்டின் கயிற்றை அறுத்துக் கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பு இல்லை, சுட்டது. அடுக்குகள் தனித்தனியாகப் பிரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. புகையிலை போல ஒரு வாடை. உதறினால் வெள்ளையாகத் தூசி பறந்தது. அது மண் தூசி இல்லை, பூஞ்சை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஏமாற்றுவது கஷ்டம். அறுத்த உடனே புல்லில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர்தான். குதிரைக்குப் போடும் புல்லைச் சிறிய கட்டாகக் கட்ட வேண்டுமானால் அது 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் 18. பெரிய கட்டு என்றால் இன்னும் காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் இருக்கிற ஈரமும் சூடும் வெளியேற வழியே கிடையாது. ஈரக்காற்று அடிக்கிற கோடையில் பகல் முழுக்கக் காய்ந்த புல், இரவில் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மறுநாள் மறுபடி புரட்டிப்போட வேண்டும். புரட்டப் புரட்ட இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். அதற்குள் மேகம் திரண்டால் விவசாயிக்கு இரண்டே வழி: நனையட்டும் என்று விடுவது, இல்லை அரைகுறை ஈரத்தோடு கட்டிவிடுவது.

புல் விளைவிக்கிறவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அறுக்காமல் நிறுத்தி வைத்தாலும் புல் முற்றித் தண்டு விட்டுச் சத்து போய்விடும். வானம் பார்த்த பிழைப்பு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வயலில் கிடந்தபோது மழை பட்டு, அப்புறம் நன்றாகக் காய்ந்து கட்டிய புல் வேறு. ஈரத்தோடு கட்டிய புல் வேறு. முதல் வகை வெளுத்துப் போயிருக்கும், சர்க்கரைச் சத்து மழையில் கரைந்து போயிருக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பூஞ்சை இல்லையென்றால் குதிரைக்குப் போடலாம். சர்க்கரை ஆகாத, குளம்பு அழற்சி வரும் குதிரைக்கு அது நல்லதும்கூட. அவர் "மழையில் நனைந்தது, காய வைத்துக் கட்டினேன்" என்று அப்படிப்பட்ட புல்லைக் கொடுத்திருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கியிருப்பேன். பச்சை நிறத்தைக் காட்டி இரண்டாவது வகையைத் தள்ளிவிட்டதுதான் மோசடி.

ஈரக்கட்டுக்குள் நுண்ணுயிர்கள் பெருகும்போது சூடு கிளம்பும். நல்ல கட்டுகூட முதல் இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் வேர்க்கும், அது இயல்பு. 55 டிகிரி செல்சியஸ் வந்தால் விடாமல் கவனிக்க வேண்டும். 65 தாண்டினால் ஆபத்து. 80-ஐத் தொட்டால் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம், யாரும் நெருப்பு வைக்கத் தேவையில்லை. ஈரப்புல்லை அடுக்கினால் தானே எரியும் என்பது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ரோமானிய விவசாயிகளுக்கே தெரிந்த சங்கதி. இந்த லோடு லாயத்தை ஒட்டிய கொட்டகையில்தான் இறங்கியிருந்தது. நீளக் கம்பி வைத்த வெப்பமானியை அடுக்கிய புல்போரின் நடுவில் செருகிப் பார்த்தபோது 55-க்கு மேல் காட்டியது. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பரப்பினோம். ஒரு எச்சரிக்கை: உங்கள் போரில் 70, 80 என்று காட்டினால் நீங்களாகப் பிரிக்காதீர்கள். உள்ளே காற்றுப் புகுந்ததும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். முதலில் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். போரின் மேல் ஏறி நடக்கவும் கூடாது, உள்ளே எரிந்து குழியாகியிருந்தால் கால் உள்வாங்கிவிடும்.

தீ ஒரு பக்கம். குதிரைக்கு அதைவிட நிச்சயமான கெடுதல் மூச்சில். பூஞ்சை வித்துகளை இழுத்து இழுத்து மூச்சுக்குழாய் ஒவ்வாமையாகி, குதிரைக்கு ஆஸ்துமா வருகிறது. ஆரம்பத்தில் தீவனம் தின்னும்போது ஓரிரு இருமல், அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டால் நின்ற இடத்திலேயே மூக்குத்துளை விரிய மூச்சு வாங்கும், வயிறு எக்கி எக்கி வேலை செய்யும். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் தூசியைத் தவிர்த்துத்தான் அதை வைத்துக் காப்பாற்ற முடியும். அந்தத் தூசி மனிதர்களுக்கும் ஆகாது. கட்டைப் பிரிக்கிறவருக்கு நுரையீரல் அழற்சி வரலாம், முகக்கவசம் போடாமல் தொடாதீர்கள்.

விற்றவருக்குப் போன் செய்து சொன்னேன். "மாடெல்லாம் இதைத்தானே தின்னுது, குதிரைக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார். மாட்டுக்கு அசைபோடும் வயிறு இருக்கிறது, ஓரளவு தாங்கும். குதிரைக்கு வாந்தி எடுக்கக்கூட வராது. கெட்டதைத் தின்றால் அது குடலில் சூலையாகத்தான் முடியும். அடுத்து, "தண்ணியில முக்கிப் போடுங்க, தூசி அடங்கிடும்" என்றார். நனைத்தால் தூசி அடங்கும். நல்ல புல்லில் இருக்கிற சாதாரணத் தூசிக்கு அது சரியான வைத்தியம், நீராவியில் வேகவைப்பது இன்னும் நல்லது. பூஞ்சை பூத்துப்போன புல்லை அதனால் நல்ல புல்லாக்க முடியாது. பூஞ்சை விட்டுவைத்த நஞ்சு தண்ணீருக்கும் நீராவிக்கும் அப்படியே இருக்கும்.

அப்புறம் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மீதிக் கட்டுகளை பிளாஸ்டிக் சுற்றித் தரேன், ஹேலேஜ் ஆயிடும், அதுக்கு விலையே ஜாஸ்தி" என்றார். இதை யாராவது உங்களிடம் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஹேலேஜ் என்பது பாதி ஈரத்தில் இருக்கும்போதே திட்டமிட்டுக் கட்டி, தாமதிக்காமல் காற்றுப் புகாமல் பல சுற்றுச் சுற்றி, உள்ளே புளிக்க விடுவது. 25 சதவீத ஈரத்தில் கட்டிச் சூடேறிப் பூத்த கட்டுக்கு அதன்பிறகு எத்தனை பிளாஸ்டிக் சுற்றினாலும் ஊறிப்போன குப்பைதான் கிடைக்கும். சுற்றிய கட்டு சரியாகப் புளிக்காமல், மண்ணோ செத்த எலியோ உள்ளே மாட்டியிருந்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். குதிரைக்கு அந்த நஞ்சு மிகக் கொஞ்சம் போதும். நாக்கு தொங்கும், விழுங்க முடியாது, கால் தள்ளாடிப் படுத்துவிடும், பல குதிரைகள் எழுவதில்லை.

இனி பணக் கணக்கு. எடை போட்டு விற்றதால் தண்ணீருக்கும் காசு வாங்கியிருக்கிறார். 25 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் 75 கிலோதான் புல். அதே 75 கிலோ சரியாகக் காய்ந்து 15 சதவீத ஈரத்தில் இருந்தால் மொத்த எடை 88 கிலோதான் வரும். 100 கிலோவுக்கு 12 கிலோ வெறும் தண்ணீர். வெளியில் மழையில் கிடக்கும் உருளைக் கட்டுகளும் அவரிடம் இருந்தன, "மேல்தோல் மட்டும்தான் கெட்டிருக்கு" என்று சொல்லி. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள உருளையில் சுற்றிலும் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கெட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. வட்டக் கணக்கு அப்படி.

அதனால் வாங்கும் இடத்தில் அவர் எடுத்துத் தரும் கட்டைப் பார்க்காதீர்கள். அடுக்கின் நடுவிலிருந்து நீங்கள் காட்டும் கட்டை உருவச் சொல்லிக் கயிற்றை அறுங்கள். மறுத்தால் அதுவே பதில். ஈரமானி இருந்தால் ஒரே இடத்தில் குத்தாமல் பல கட்டுகளில் பல இடத்தில் குத்திப் பாருங்கள். கருவி இல்லையென்றால் வீட்டு மைக்ரோவேவ் போதும்: நறுக்கிய புல் 100 கிராமை, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை விட்டு விட்டுச் சூடாக்குங்கள். 82 கிராமில் நின்றால் ஈரம் 18 சதவீதம். கட்டிய தேதியைக் கேட்டு, அந்த வாரம் மழை பெய்ததா என்று நீங்களே சரிபாருங்கள். பூஞ்சை பிடிக்காமல் தடுக்கும் புரோபியோனிக் அமிலம் தெளித்துக் கட்டியதா என்றும் கேளுங்கள். அது திருட்டு வேலை இல்லை, ஈரமான வருடங்களில் ஒழுங்கான ஆட்கள் செய்வதுதான், குதிரையும் தின்னும். அதைச் சொல்லி விற்கிறவரை நான் நம்புவேன். நடுவில் பூஞ்சை இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதி வாங்குங்கள். இறக்கும்போதே படம் எடுங்கள்.

என் விஷயத்தில் நீண்ட இழுபறிக்குப் பிறகு பிரிக்காத கட்டுகளை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு கொஞ்சம் பணம் கொடுத்தார். பிரித்ததற்கும் மருத்துவருக்கும் ஆன செலவு என் தலையில். அவர் ஏற்றிக்கொண்டு போன கட்டுகளை எருக்குழியில் போட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. நீலப் பிளாஸ்டிக் கயிறு, வெளிப்பக்கம் நல்ல பச்சை, நடுவில் பழுப்பு, தூக்கினால் கை இறங்கும். அப்படி ஒரு லோடு உங்கள் வாசலுக்கு வந்தால் வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.