டிராப்அவுட்: டிவியைக் கலாய்க்கவென்றே ஒரு டிவி

டிராப்அவுட் என்ற அமெரிக்கக் காமெடி ஓடிடிக்குச் சில வருடங்களாகச் சந்தா கட்டிவருகிறேன். அதில் சினிமா கிடையாது, கிரைம் திரில்லர் கிடையாது, விளம்பரமும் கிடையாது. கேம் ஷோ, டாக் ஷோ, செய்தி, ரியாலிட்டி, மேடை உரை என்று டிவியில் வரும் எல்லாமே இருக்கும். எதுவும் நிஜமாக இருக்காது. செட், லைட், இசை, தொகுப்பாளரின் சிரிப்பு எல்லாம் அச்சு அசல். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் அந்த நிகழ்ச்சி வடிவத்தையே வைத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். முதல் மாதத்தில் இது வெறும் தமாஷாகத்தான் தெரிந்தது. போகப்போக, மற்ற டிவி நிகழ்ச்சிகளைப் பார்க்கும் என் கண்ணையே இது மாற்றிவிட்டது. நல்லதா கெட்டதா தெரியவில்லை, இப்போதெல்லாம் எந்த ரியாலிட்டி ஷோவையும் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை.

அதற்கு முக்கியக் காரணம் 'கேம் சேஞ்சர்'. 2019இல் ஆரம்பித்தது. தொகுப்பாளர் சாம் ரைக். நிறுவனத்தை நடத்துபவரும் அவர்தான். மூன்று காமெடியன்கள் வந்து நிற்பார்கள். அன்றைக்கு என்ன ஆட்டம், என்ன விதி என்று அவர்களுக்குத் தெரியாது. ஆடி ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த எபிசோடில் ஆட்டம் வேறு, விதி வேறு.

புதிதாக வருபவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது 'சாம் செஸ்' (Sam Says) வகை எபிசோடுகள். 'சாம் சொல்கிறார்' என்று தொடங்கும் கட்டளைக்கு மட்டும்தான் கீழ்ப்படிய வேண்டும். அந்த வார்த்தை இல்லாமல் சொன்னதைச் செய்தால் பாயின்ட் போச்சு. குழந்தைகள் விளையாட்டுதானே என்று தோன்றும். ஆனால் டிவியில் தொகுப்பாளர் என்பவர் நாள் முழுக்கக் கட்டளை போடுபவர். இங்கே பாருங்கள், கொஞ்சம் முன்னால் வாருங்கள், கை தட்டுங்கள், இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம். மரியாதைக்காகச் சொல்வதுபோல, ஆட்டத்துக்கு வெளியே பேசுவதுபோலச் சொல்லும் வார்த்தைகளில்தான் பொறி. பல வருடம் கேமரா முன்னால் பழகியவர்கள் யோசிக்காமலே கேட்டுவிடுகிறார்கள். ஸ்டூடியோ என்ற இடம் மனிதர்களை எவ்வளவு தூரம் பழக்கி வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

இன்னொரு எபிசோடில் காத்திருப்பு அறையே ஆட்டம். ஷோ தொடங்கப்போகிறது என்று கிரீன் ரூமில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, தாங்கள் ஏற்கெனவே ஆட்டத்துக்குள்தான் இருக்கிறோம், இதிலிருந்து புதிர் அவிழ்த்து வெளியேற வேண்டும் என்று மெல்லத்தான் உறைக்கும். 2025இல் வந்த ஏழாவது சீசனின் முதல் எபிசோடில், வேலைகளைக் கொடுத்துவிட்டு, செய்து முடிக்க ஒரு வருடம் அவகாசம் என்று அனுப்பிவிட்டார்கள். அதே சீசனில் சாமையே ஆட்டக்காரராக மாட்டிவிட்ட எபிசோடும் உண்டு. வாரா வாரம் அடுத்தவரைத் தவிக்கவிடுபவர் தானே தவிக்கும்போது நமக்கு வரும் குரூர சந்தோஷம் தனி ரகம்.

ரியாலிட்டி ஷோக்களைக் கையாளும் எபிசோடுகள்தான் உச்சம். 'தி பேச்சலர்' (ஒருவர் துணை தேடுவது), 'சர்வைவர்' (தீவில் தாக்குப்பிடிப்பது), 'தி சர்க்கிள்' (முகம் காட்டாமல் பழகுவது) மூன்றையும் தங்கள் பாணியில் செய்து பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் அங்கே நிஜக் காதல் இல்லை. எல்லோரும் பல வருட நண்பர்கள், எல்லோருக்கும் இது விளையாட்டு என்று தெரியும். அப்படியும், தனியறையில் கேமராவைப் பார்த்துப் பேச வைத்து, பின்னணியில் இசையைப் போட்டு, யார் வெளியேறுகிறார் என்று சொல்வதற்கு முன் இரண்டு நொடி மௌனம் விட்டால், முகங்கள் மாறத்தான் செய்கின்றன. பொறாமை வருகிறது, ரகசியக் கூட்டணி வருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே படபடப்பு வருகிறது. அந்தக் கட்டமைப்பு அவ்வளவு பலமானது. உள்ளே யாரைப் போட்டாலும் வேலை செய்யும். அதன்பின் பிக் பாஸ் பார்க்கும்போது வாக்குமூல அறைக் காட்சி வந்தாலே, இந்தக் கேள்வியை இவரிடம் யார் கேட்டிருப்பார்கள், பதிலில் எதை வெட்டியிருப்பார்கள் என்றுதான் யோசனை ஓடுகிறது. கூட உட்கார்ந்து பார்ப்பவர்கள் "சும்மா பாரேன்" என்று சலித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது 'வெரி இம்பார்ட்டன்ட் பீப்பிள்', 2023இல் வந்தது. நடிகரை உட்கார வைத்து மணிக்கணக்கில் மேக்கப் போடுவார்கள். தான் என்னவாக மாறிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் காட்டும் அந்த நொடியில் தன் புது முகத்தைப் பார்க்கிறார். நீளக் காது, வழுக்கைத் தலை, வேற்றுகிரகத் தோல், எது வேண்டுமானாலும் இருக்கலாம். அங்கிருந்து ஒரு ஆளை உருவாக்கிக்கொண்டு, விக் மைக்கேலிஸ் நடத்தும் பிரபலங்களின் பேட்டியில் போய் உட்கார வேண்டும். விக்கும் தன் பங்குக்கு ஒரு கதாபாத்திரம்தான்: கொஞ்சம் கர்வம், கொஞ்சம் பாதுகாப்பின்மை, சொந்த வாழ்க்கைப் பிரச்சினையைப் பேட்டி நடுவே கொட்டிவிடும் தொகுப்பாளர். உள்ளே இருப்பது பச்சைத் தோல் ஜந்துவாக இருந்தாலும் கேள்விகள் அதே கேள்விகள்தான்: இந்த வெற்றியை எப்படிப் பார்க்கிறீர்கள், சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள். பட வெளியீட்டுக்கு முன்பு நடக்கும் எந்தப் பேட்டியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'மேக் சம் நாய்ஸ்' கேம் சேஞ்சரின் ஒரு எபிசோடிலிருந்து கிளைத்தது. திரையில் ஒரு சூழ்நிலையைக் காட்டுவார்கள், உடனே நடித்துக் காட்ட வேண்டும். பிரென்னன் லீ முல்லிகன், ஜாக் ஓயாமா, ஜாஷ் ரூபன் என்ற மூன்று காமெடியன்களும் சேர்ந்து வரும் எபிசோடு என்றால் தைரியமாகப் போடலாம். 'அம் ஆக்சுவலி' வேறு ரகம். ஸ்டார் வார்ஸ், காமிக்ஸ், வீடியோ கேம் பற்றி ஒரு வாக்கியம் படிப்பார்கள், அதில் ஒரு தப்பு இருக்கும், அதைத் திருத்த வேண்டும். எந்த ரசிகர் கூட்டத்திலும் தப்புக் கண்டுபிடிக்கவென்றே ஒருவர் இருப்பார் இல்லையா, அவர்தான் இங்கே நாயகன். முதலில் மைக் டிராப் நடத்தினார், 2024 முதல் இஃபி வாடிவே. 'ஸ்மார்ட்டிபேன்ட்ஸ்' ரேகா சங்கர் நடத்துவது. உலகத்துக்கு உபயோகமே இல்லாத தலைப்பில் வரைபடம், புள்ளிவிவரத்தோடு தீவிர உரை. கார்ப்பரேட் கூட்டங்களில் ஸ்லைடு பார்த்து நொந்தவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும். 'டைமன்ஷன் 20' இவர்களின் பெரிய பிராண்ட். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் ஆட்டத்தை உட்கார்ந்து ஆடுவதைத்தான் காட்டுகிறார்கள், அதற்கு 2025 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கமே நிறைந்தது. மணிக்கணக்கில் ஓடும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

நிகழ்ச்சிகளைப் போலவே இந்த நிறுவனத்தின் கதையும் ஊடகத்தைப் பற்றியதுதான். 1999இல் இரண்டு கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த காமெடி இணையதளமான காலேஜ்ஹியூமர்தான் இதன் பழைய பெயர். 2006இல் ஐஏசி என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. விமியோ வீடியோ தளமே அந்தக் குழுவிலிருந்து பிறந்ததுதான். யூடியூபில் கொடிகட்டிப் பறந்தார்கள். அப்புறம் ஃபேஸ்புக் காலம் வந்தது. வீடியோ போடுங்கள், ஜனம் அங்கேதான் பார்க்கிறது என்று எல்லா நிறுவனங்களும் அங்கே ஓடின. 2016இல் ஃபேஸ்புக், சராசரிப் பார்வை நேரத்தைக் கூட்டிக் காட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டது. மொத்தப் பார்வை நேரத்தை, மூன்று வினாடிக்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்திருக்கிறார்கள். தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. விளம்பரதாரர்கள் வழக்குப் போட, 2019இல் 4 கோடி டாலரில் சமரசம் ஆனது. காலேஜ்ஹியூமரில் வளர்ந்த காமெடியன் ஆடம் கோனோவர், அந்த எண்களை நம்பியதால் இணையக் காமெடி நிறுவனங்கள் எப்படிக் கெட்டன என்று பகிரங்கமாகவே எழுதினார்.

2018இல் சந்தாச் சேவையாக டிராப்அவுட்டைத் தொடங்கினார்கள். 2020 ஜனவரியில் ஐஏசி கையை விரித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது. நிறுவனத்தின் பெரும்பங்கை சாம் ரைக் எடுத்துக்கொண்டார், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் மிச்சம். இரண்டு மாதத்தில் கொரோனா. அங்கிருந்து எழுந்து, 2023இல் காலேஜ்ஹியூமர் என்ற பெயரையே உதறிவிட்டு முழுக்க டிராப்அவுட் ஆனார்கள். அந்த வருட லாபத்தில், அங்கே ஒரு டாலராவது சம்பாதித்த எல்லோருக்கும் பங்கு கொடுத்தார்கள். நடிகர் தேர்வுக்கு வருபவர்களுக்கும் பணம் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்டு பகிர்வோரைத் துரத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், தாராளமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று சாம் சொன்னார். 2025இல் சந்தாதாரர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஷோவின் தரத்துக்கும் காசு யாரிடமிருந்து வருகிறது என்பதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. சோப்பு விற்கும் கம்பெனி காசு கொடுத்தால், சோப்பு விளம்பரத்தைக் கிழித்துத் தொங்கவிட முடியாது. ரியாலிட்டி ஷோ நடத்தும் சேனல், ரியாலிட்டி ஷோவின் சூத்திரத்தைப் போட்டு உடைக்காது. இங்கே படியளப்பது பார்ப்பவர்தான். அதனால் முதல் ஐந்து நொடியில் கத்திக் கூப்பிட வேண்டிய அவசரம் இல்லை. இருபது நிமிடம் காத்திருந்து ஒரே ஒரு ஜோக்கை வெடிக்க வைக்கலாம். சமூக ஊடகங்களில் வரும் அவர்களுடைய துண்டு கிளிப்கள் விளம்பரத்துக்குத்தான். நானும் அப்படி ஒரு கிளிப்பில் விழுந்தவன்தான். ஆனால் கிளிப்பை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் காத்திருப்பு கிடைக்காது.

காசு விஷயத்துக்கு வருவோம். மாதம் 5.99 டாலராக இருந்ததை 2025இல் 6.99 ஆக்கினார்கள். ரசிகர்களுக்கென்று இன்னும் விலை கூடிய சூப்பர்ஃபேன் திட்டமும் வந்திருக்கிறது; எனக்குத் தேவைப்படவில்லை. நம்மூரில் இருந்து கட்டுவதில் ஒரு தலைவலி உண்டு. தானாகப் பணம் பிடிப்பதற்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி கூடுதல் உறுதிப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. நல்ல விதிதான். ஆனால் என் வங்கி, வெளிநாட்டு மாதச் சந்தா என்றால் மறு பேச்சில்லாமல் நிராகரித்துவிடும். ஒவ்வொரு மாதமும் கார்டு விவரத்தை மறுபடி போட்டு, ஓடிபிக்குக் காத்திருந்து, அதற்குள் திரை காலாவதியாகி... கடைசியில் வருடச் சந்தாவுக்கு மாறினேன். வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சண்டையைப் போட்டால் போதும். டாலர் விலைக்கு மேல் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் பார்த்தால், ஒரே முகங்கள். எந்த ஷோவைத் திறந்தாலும் அதே பதினைந்து இருபது பேர் சுற்றிச்சுற்றி வருகிறார்கள். ஆரம்பத்தில் இது பலம், நண்பர்கள் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நான்காவது ஷோவிலும் இன்னார் முதலாளித்துவத்தைத் திட்டுவார், இன்னார் அழுவார் என்று முன்கூட்டியே தெரியும்போது கொஞ்சம் அலுக்கிறது. அதையே ஆட்டமாக்கி, போட்டியாளர்களின் வழக்கமான சேட்டைகளைப் பிங்கோ கட்டங்களில் போட்டு கேம் சேஞ்சரில் ஒரு எபிசோட் செய்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அலுப்பு அதனால் போய்விடாது. ஒருவர் ஜோக்குக்கு மற்றவர் தரையில் விழுந்து சிரிப்பதும் சமீபத்திய சீசன்களில் கூடியிருக்கிறது. நான் சிரிப்பதற்குள் அவர்கள் சிரித்து முடித்துவிடுகிறார்கள். கேலி செய்வதற்கு வெளியே ஒரு ஆள் வேண்டும். தங்களைப் பற்றித் தாங்களே பேசும் எபிசோடுகள் பெருகும்போது, அவர்கள் கிண்டலடித்த பிரபலக் கலாச்சாரத்தின் சாயல் அவர்கள் மேலேயே விழுகிறது.

மொழி இன்னொரு தடை. தமிழ் டப்பிங்கோ தமிழ் சப்டைட்டிலோ எதிர்பார்க்கக் கூடாது. வேகமான அமெரிக்க ஆங்கிலம், அங்கத்திய மளிகைக் கடைச் சங்கிலி, தொண்ணூறுகளின் டிவி விளம்பரம் என்று குறிப்புகள் பறக்கும். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டாலும் ஐந்தில் ஒரு ஜோக் கைநழுவும். கெட்ட வார்த்தைக்கு வெட்டு கிடையாது. 'டர்ட்டி லாண்ட்ரி' என்று ஒன்று இருக்கிறது: மதுக்கோப்பையும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்த அந்தரங்க ரகசியம் யாருடையது என்று கண்டுபிடிக்கும் ஆட்டம். ஹாலில் பெரியவர்கள் இருக்கும்போது போட்டுவிடாதீர்கள்.

யாருக்குச் சரிப்படும்? ரியாலிட்டி ஷோ, பேட்டி, விருது விழா இதையெல்லாம் திட்டிக்கொண்டே பார்ப்பவர்களுக்கு நிச்சயம். நம்மூர் யூடியூப் காமெடிக் குழுக்களில் எழுதுபவர்கள், நடிப்பவர்கள் அவசியம் ஒரு மாதமாவது பார்க்கலாம். அந்த ஒரு மாதத்தில் கேம் சேஞ்சரை இரண்டாவது சீசனிலிருந்து தொடங்குங்கள், முதல் சீசனில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. இடையிடையே வெரி இம்பார்ட்டன்ட் பீப்பிள். மேக் சம் நாய்ஸை சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பாதியில் நிறுத்தினாலும் ஒன்றும் போகாது. அதற்குமேல் பார்க்க ஆசை இருந்தால் வருடச் சந்தாவுக்குப் போங்கள். தயவுசெய்து கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை முதலிலேயே ஆன் செய்து வையுங்கள்.