ஆறு வருஷம், மூணு வகை ஃபில்டர், கடைசில நின்னது ஸ்பாஞ்ச்தான்

2019ல 2 அடி டேங்க் ஒண்ணு வாங்குனேன், 50 லிட்டர் சொச்சம் பிடிக்கும், கூடவே ஆறு கோல்ட் ஃபிஷ், தண்ணிக்குள்ள கண்ணாடில ஒட்டி வைக்கிற பவர் ஃபில்டர் ஒண்ணு. (50 லிட்டர்ல ஆறு கோல்ட் ஃபிஷ்ங்கறதே தப்பு, அது சாப்பிடற சாப்பாட்டுக்கும் போடற கழிவுக்கும் ஒரு மீனுக்கே அந்த டேங்க் பத்தாது, அப்ப யாரும் சொல்லல.) வாரா வாரம் கழுவிடுங்கன்னு மட்டும் கடைல சொன்னாங்க. நானும் ஞாயித்துக்கிழமை ஆனா மீனை பக்கெட்டுல விட்டுட்டு கல்லு, செடி, ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் குழாயடில போட்டு தேய் தேய்னு தேய்ச்சு புது மெட்ரோ தண்ணி (சென்னைல வர்ற, குளோரின் போட்ட குழாய் தண்ணி) ரொப்பி வைப்பேன். பாக்க பளிச்சுனு இருக்கும். புதன்கிழமை வாக்குல லேசா பால் கலந்த மாதிரி மங்கும், வியாழக்கிழமை ஒண்ணு மிதக்கும். அம்மா, "இதுங்கள சாகறதுக்குன்னே காசு குடுத்து வாங்கிட்டு வரியாடா"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

கொளத்தூர்ல ஒரு கடைக்காரர்தான் கண்ணத் தொறந்தாரு. "சார், ஃபில்டர் அழுக்க புடிக்கறதுக்கு இல்ல, அதுல பாக்டீரியா குடியிருக்கு, நீங்க வாராவாரம் அதுங்க வீட்ட இடிக்கறீங்க"ன்னாரு. விஷயம் இதான்: மீன் கழிவுலயும் மிச்சமாகற தீனிலயும் இருந்து அமோனியா வருது, அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அத நைட்ரேட்டா மாத்தும், இது ரொம்ப சேராத வரைக்கும் மீன் தாங்கும், வாராவாரம் கால்வாசி தண்ணி மாத்துனா போயிடும். இந்த பாக்டீரியா எல்லாம் தண்ணில மிதக்கறத விட ஸ்பாஞ்ச், கல்லு, செராமிக் ரிங் மேல ஒட்டிக்கிட்டுதான் வாழும், புது டேங்க்ல செட் ஆக நாலு வாரத்துலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நான் குளோரின் தண்ணில கழுவி ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன். அவரு கடை டேங்க்ல ஓடிக்கிட்டிருந்த பழுப்பு ஸ்பாஞ்ச் ஒண்ண எடுத்து கவர்ல தண்ணியோட கட்டி குடுத்தாரு, புது ஸ்பாஞ்ச் வெலதான் வாங்குனாரு. அந்த அழுக்கு ஸ்பாஞ்ச போட்டதுக்கப்புறம்தான் என் டேங்க்ல மீன் மாசக்கணக்குல தங்குச்சு.

அடுத்து ஹேங் ஆன் ஃபில்டர், டேங்க் ஓரத்துல மாட்டி வைக்கறது. நல்ல ஐட்டம், ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு மே மாசம் நாலு நாள்ல தண்ணி ஒரு இன்ச் எறங்கிடும், அப்பறம் ராத்திரி பூரா குழாய மூட மறந்த மாதிரி சத்தம். கரண்ட் போய் வந்தா சில நேரம் தண்ணி ஏறாம மோட்டார் சும்மா உறுமிக்கிட்டு நிக்கும், மேல ஒரு மக்கு தண்ணி ஊத்துனாதான் புடிக்கும். கூட வர்ற கார்பன் கார்ட்ரிட்ஜ மாசாமாசம் தூக்கிப் போடாதீங்க, பாக்டீரியாவும் சேந்து போயிடும். நான் கார்ட்ரிட்ஜயே கழட்டிட்டு வலைப்பையில செராமிக் ரிங்கும் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் போட்டு வச்சேன், ரெண்டு வருஷம் அதுதான் ஓடுச்சு.

2022ல 3 அடி டேங்க் மாத்தும்போது ஆச பட்டு கேனிஸ்டர் ஃபில்டர் வாங்குனேன், டேங்க்குக்கு வெளிய வைக்கற மூடுன டப்பா மாதிரி. சத்தமே இல்ல, தண்ணி அவ்ளோ தெளிவு, மூணு மாசத்துக்கு ஒரு தடவ தொறந்தா போதும், மூடில இருக்கற ரப்பர் ரிங்குக்கு மட்டும் சிலிகான் கிரீஸ் தடவணும் இல்லன்னா கசியும். இதுக்கு மேல என்ன வேணும்னு இருந்தேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், எங்க தெருவுல கிட்டத்தட்ட ரெண்டு நாள் கரண்ட் இல்ல. பேட்டரி ஏர் பம்ப் போட்டு மீன எல்லாம் காப்பாத்திட்டேன், ஆனா கேனிஸ்டர் பிளக்க புடுங்க தோணவே இல்ல. மூடுன டப்பாக்குள்ள ஆக்சிஜன் இல்லாம உள்ள இருந்த பாக்டீரியா செத்து அழுகி இருக்கு. கரண்ட் வந்ததும் தானா ஸ்டார்ட் ஆகி அந்த கருப்பு தண்ணி பூரா டேங்க்குக்குள்ள. ஹாலுக்குள்ள வந்தா அழுகுன முட்ட நாத்தம், ஒரு மணி நேரத்துல ஏழுல நாலு போயிடுச்சு. புயல்ல பொழைச்சத ஸ்விட்ச் கொன்னுடுச்சு. கேனிஸ்டர் வச்சிருக்கறவங்க, நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல கரண்ட் போனா மொதல்ல பிளக்க புடுங்குங்க, தொறந்து அலசிட்டு அப்பறம் போடுங்க.

இப்ப ஓடறது ரெண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் (ஏர் பம்ப் விடற காத்துல தண்ணி ஸ்பாஞ்ச் வழியா இழுபடும்), ஒரு ஏர் பம்ப், அதோட பழைய ஹேங் ஆன். அழகு கம்மிதான். ஆனா கரண்ட் போனா பேட்டரி பம்ப்ப அதே டியூப்ல சொருகுனா வேல முடிஞ்சுது. பம்ப்ப தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்லன்னா டியூப்ல நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணி திரும்பி வராம தடுக்கறது) போடுங்க, ஒரு தடவ கரண்ட் போனப்ப தண்ணி டியூப் வழியா திரும்பி எறங்கி ஸ்பைக் பஸ்டர் வரைக்கும் வந்துடுச்சு. எங்க வீட்ல போர் தண்ணியும் கலக்கறதால பிஹெச் (தண்ணியோட அமில, கார அளவு) 8 கிட்ட நிக்கும், பிஹெச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் விஷமாகும், அதனால கோடைல தீனிய பாதியா கொறச்சுடுவேன். மெட்ரோ தண்ணின்னா ஒரு நாள் பக்கெட்ல தொறந்து வைக்கறேன், அவசரம்னா ஆன்டி குளோரின் சொட்டு.

ஸ்பாஞ்ச மூணு வாரத்துக்கு ஒரு தடவ, ஒரு தடவைக்கு ஒண்ணுதான், டேங்க்லேர்ந்து எடுத்த தண்ணிலயே மூணு பிழி. மொத பிழில டிகாஷன் மாதிரி எறங்கும், மூணாவதுல டீ கலருக்கு வரும், அதோட விட்டுடுவேன், வெள்ளையாகற வரைக்கும் பிழியறதில்ல. அந்த பக்கெட்ட கீழ ஊத்த அம்மா விடமாட்டாங்க, மொட்டமாடி கறிவேப்பிலைக்கு அதான் உரம்.

ஒரே குற என்னன்னா ஏர் பம்ப் சத்தம். ஒண்ணரை வருஷத்துல உள்ள இருக்கற ரப்பர் டயஃப்ரம் கிழிஞ்சு காத்து கொறஞ்சுது, ஸ்பேர் மாத்துனேன், ஆனா உறுமல் மட்டும் போகல. அடில பழைய துண்ட நாலா மடிச்சு போட்டிருக்கேன், அப்பா இன்னும் டிவி சவுண்ட கூட்டிக்கிட்டுதான் இருக்காரு.