சீரியல் போர்ட்டுக்கு ஃப்ரீஆர்டிஓஎஸ்: நல்ல கெர்னல், ஆனால் முன்னுரிமை எண்ணில் கவனம்

ஃப்ரீஆர்டிஓஎஸ் என்பது மைக்ரோகண்ட்ரோலர்களுக்கான சின்ன ரியல்-டைம் ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் கெர்னலோடு சீரியல் டிரைவர் எதுவும் சேர்ந்து வராது. டாஸ்க்குகளுக்கு (தனித்தனியாக ஓடும் வேலைகளுக்கு) டேட்டாவும் சேதியும் கடத்த கியூ, ஸ்ட்ரீம் பஃபர், டாஸ்க் நோட்டிஃபிகேஷன் என்று சாமான்கள் கிடைக்கும். டிரைவரை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். ஸெஃபிர் என்ற இன்னொரு ஆர்டிஓஎஸ்ஸில் போலிங், இன்டரப்ட், அசிங்க் என்று யுஆர்ட்டுக்கு (சிப்பில் சீரியல் போர்ட்டை ஓட்டும் பகுதி) மூன்று வழி தயாராக இருப்பதைப் பார்க்கும்போது இது குறைதான். ஆனால் சோர்ஸ் சின்னது, உட்கார்ந்து படித்து முடித்துவிடலாம், எம்ஐடி லைசென்ஸ். இங்கே எடுத்துக்கொள்வது எஸ்டிஎம்32எஃப்4, அதாவது கார்டெக்ஸ்-எம்4 சிப்.

பெரிய பொறி இன்டரப்டின், அதாவது ஓடும் வேலையை நிறுத்தி ஹார்ட்வேர் கவனம் கேட்கும் சிக்னலின், முன்னுரிமை எண்தான். கார்டெக்ஸ்-எம்மில் எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். ரீசெட் ஆனதும் யுஆர்ட் இன்டரப்ட் 0-வில், அதாவது உச்சத்தில், உட்கார்ந்திருக்கும். கெர்னல், குறுக்கீடு கூடாத பகுதியான கிரிட்டிக்கல் செக்‌ஷனுக்குள் போகும்போது பேஸ்பிரை என்ற சிபியு ரெஜிஸ்டரில் ஒரு வரம்பை எழுதும். வரம்பு 5 என்றால் 5 முதல் 15 வரை காத்திருக்கும். 0 முதல் 4 வரை எப்போது வேண்டுமானாலும் குறுக்கே பாயும். யுஆர்ட்டை 0-விலேயே விட்டுவிட்டு அதன் ஹேண்ட்லரிலிருந்து (இன்டரப்ட் அடித்ததும் ஓடும் ஃபங்ஷன்) கியூவுக்கு அனுப்பினால், கெர்னல் பாதி மாற்றி வைத்திருக்கும் டாஸ்க் பட்டியலில் ஹேண்ட்லரும் கை வைக்கும். உடனே ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நேரத்தில் உறைந்து நிற்கும். டீபக்கரை மாட்டினால், பட்டியலில் இடம் தேடும் ஃபார் லூப் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த லூப்புக்குப் பக்கத்திலேயே, இங்கே மாட்டிக்கொண்டால் ஸ்டாக் வழிந்திருக்கலாம், இன்டரப்ட் முன்னுரிமை தவறாக இருக்கலாம் என்று கெர்னலை எழுதியவர்கள் கமென்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த அக்கறைக்குத் தனி மதிப்பெண்.

இந்தச் சிப்பில் முன்னுரிமைக்கு 4 பிட், அவை பைட்டின் மேல் பாதியில். எனவே பேஸ்பிரைக்குப் போக வேண்டிய மதிப்பு 5 அல்ல, 80 (5 × 16). யுஆர்ட்டுக்கு முன்னுரிமை வைக்கும் சிம்சிஸ் (கார்டெக்ஸ் சிப்களுக்கான ஆர்ம் நிறுவன லைப்ரரி) ஃபங்ஷனுக்கோ வெறும் 5 அல்லது 6 போதும். இடம் மாற்றுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். வரம்பை 0 ஆக வைக்கவே கூடாது, பேஸ்பிரையில் 0 என்றால் எதையும் தடுக்காதே என்று பொருள். கான்ஃபிக் ஃபைலில் அசெர்ட்டை (தவறு கண்டதும் நிறுத்தும் சோதனை) முதல் நாளே போட்டுவிடுங்கள்: தவறான முன்னுரிமையிலிருந்து கெர்னலைக் கூப்பிட்ட முதல் பைட்டிலேயே நிறுத்திக் காட்டிவிடும்.

115200 பாட் (நொடிக்கு இத்தனை பிட்), பைட்டுக்கு 10 பிட் என்றால் ஒரு பைட் சுமார் 87 மைக்ரோசெகண்ட், நொடிக்கு 11,520 இன்டரப்ட். இந்த யுஆர்ட்டில் ஃபிஃபோ, அதாவது வரும் பைட்டுகளைச் சேர்த்து வைக்கும் வரிசை, கிடையாது. ஏதாவது ஒரு டாஸ்க் கிரிட்டிக்கல் செக்‌ஷனில் 87 மைக்ரோசெகண்டுக்கு மேல் தங்கினால் பைட் தொலையும். அப்போது ஓவர்ரன் கொடி (பைட் தவறியதைக் காட்டும் பிட்) ஏறும். ஹேண்ட்லர் அதைக் கவனிக்காமல் திரும்பினால் இன்டரப்ட் உடனே மறுபடி அடிக்கும், டாஸ்க் எதுவும் நகராது. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, அடுத்து டேட்டா ரெஜிஸ்டரைப் படித்தால்தான் கொடி இறங்கும். அனுப்பும் பக்கத்திலும் இதே கதை: பஃபர் காலியானதும் டிஎக்ஸ்இ (அனுப்பும் ரெஜிஸ்டர் காலி) இன்டரப்டை அணைக்காவிட்டால் ஓயாமல் அடிக்கும். அந்த இன்டரப்டைப் போட்டு அணைக்கும் பிட்டை டாஸ்க்கும் ஹேண்ட்லரும் மாற்றுவதால், டாஸ்க் பக்கம் கிரிட்டிக்கல் செக்‌ஷனுக்குள் வைத்தே மாற்ற வேண்டும்.

பைட் பைட்டாகக் கியூவில் தள்ளுவது வீண் செலவு. 10.0 பதிப்பில் வந்த ஸ்ட்ரீம் பஃபர் இந்த வேலைக்கே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. டிரிகர் அளவை 16 என்று வைத்தால் காத்திருக்கும் டாஸ்க் 16 பைட் சேர்ந்த பிறகுதான் எழும், அல்லது டைம்அவுட்டில் எழும். எழுத ஒருவர், படிக்க ஒருவர் மட்டுமே. இரண்டு டாஸ்க் ஒன்றாகப் படித்தால் டேட்டா கெடும். ஹேண்ட்லரில் இன்டரப்டுக்கென்று உள்ள ஃபங்ஷனையே கூப்பிட்டு, கடைசியில், எழுந்த டாஸ்க்குக்கு உடனே மாறச் சொல்லும் யீல்டு மேக்ரோவையும் போடுங்கள். அதை விட்டால் எழுந்த டாஸ்க் அடுத்த டிக் (கெர்னலின் கடிகாரத் துடிப்பு) வரை, 1000 ஹெர்ட்ஸில் 1 மில்லிசெகண்ட் வரை, சும்மா காத்திருக்கலாம்.

921600 பாடில் பைட்டுக்கு 11 மைக்ரோசெகண்டுக்கும் குறைவு. அங்கே பைட்டுக்கு ஓர் இன்டரப்ட் என்பதை மறந்துவிட்டு, சர்க்குலர் டிஎம்ஏவும் (சிபியு இல்லாமலே பைட்டுகளை மெமரியில் சுழற்சியாக நிரப்பும் ஹார்ட்வேர்) ஐடில் லைன் இன்டரப்டும் (லைன் ஓய்ந்ததும் அடிப்பது) வைத்துக்கொள்ளுங்கள்.