பகுத்தறிவுவாதமும் அனுபவவாதமும்: ஓர் இணையவழிப் பாடத்தொடர் பற்றிய மதிப்புரை

அறிவு பிறப்பது பகுத்தறிவிலிருந்தா (பகுத்தறிவுவாதம்), புலன் அனுபவத்திலிருந்தா (அனுபவவாதம்) என்ற ஒரே கேள்வியை விடாமல் பின்தொடர்வதே இந்தப் பாடத்தொடரின் பலம். அதிலும் பகுத்தறிவுவாதத் தத்துவஞானி டெக்கார்ட்டின் மெழுகுத் துண்டைப் பற்றிய பாடம் அருமை. தேனடையிலிருந்து அப்போதுதான் எடுத்த மெழுகில் தேனின் சுவையும் பூவின் மணமும் எஞ்சியிருக்கின்றன. தட்டினால் ஒலி எழுகிறது. நெருப்பருகே கொண்டுசென்றதும் சுவை, மணம், நிறம், வடிவம் அனைத்தும் மாறிவிட, இதுவும் அதே மெழுகுதான் என்று நமக்குச் சொல்வது புலன்களா, பகுத்தறிவா என்று ஆசிரியர் நிதானமாகக் கேட்கிறார். கேட்பவர் தாமே யோசிக்க இடம் விடுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறக்கும்போது மனம் எழுதப்படாத தாள் என்ற அனுபவவாதி லாக்கின் கருத்துக்கு எதிராக, அது இயல்பிலேயே வரியோடிய பளிங்குக்கல், அதாவது சில கருத்துகள் அதில் பிறவியிலேயே பொதிந்துள்ளன என்று பகுத்தறிவுவாதி லைப்னிட்ஸ் வாதிட்டதும் தெளிவாக விளக்கப்படுகிறது. 1704இல் லாக் இறந்ததால் லைப்னிட்ஸ் வெளியிடாமல் வைத்த அந்த மறுப்பு, இருவரும் மறைந்த பின் 1765இல்தான் அச்சேறியது என்பதையும் சேர்த்திருக்கலாம்.

குறை, அனுபவவாதி ஹியூம் பற்றிய பகுதியில்தான். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலான கட்டாயத் தொடர்பை நாம் எங்கும் காண்பதில்லை, ஒன்றையடுத்து மற்றொன்று வருவதைப் பலமுறை கண்ட பழக்கத்தால் எதிர்பார்க்கிறோம் என்ற அவருடைய ஆழமான வாதம் அவசரமாகக் கடந்துபோகிறது. அது விளங்காவிட்டால், 1781இல் தத்துவஞானி காண்ட் இந்த இரு தரப்பையும் ஏன் இணைக்க முனைந்தார் என்பதும் விளங்காது. ஹியூமுக்கு இன்னும் ஒரு பாடம் அவசியம் தேவை.