தம்பிக்குக் கிட்னி கொடுக்க தஞ்சாவூரில் சிடி ஆஞ்சியோ எடுத்த சென்டர்: என் விமர்சனம்

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு ஸ்கேன் சென்டரைப் பற்றி எழுதுகிறேன். சிடி ஆஞ்சியோ என்றால் ஊசி மருந்து ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஸ்கேன். சொந்தத்துக்குக் கிட்னி கொடுக்கப் போகிறவர்களும், வயிற்றில் பெரிய ஆபரேஷன் இருக்கிறவர்களும் அவசியம் படியுங்கள். கை கால் எக்ஸ்ரேக்கு எந்த சென்டராக இருந்தாலும் சரிதான்.

முதலில் எங்கள் ஊர்ப் பக்கம் வேறொரு இடத்தில் எடுத்த சிடியைப் பார்த்த சர்ஜன், இது எனக்கு உதவாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 'இரண்டு கிட்னியும் நார்மல்' என்று ஒரே வரி. ரத்தக்குழாய் எத்தனை, எங்கிருந்து கிளம்புகிறது என்பது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படங்களும் 5 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்தவை, அந்தத் தடிமனில் மெல்லிய குழாய் கண்ணில் படாமலே போய்விடும். பணம் போனதைவிட, இரண்டாவது தடவையும் கதிர்வீச்சும் ஊசி மருந்தும் உடம்பில் ஏறியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தஞ்சாவூர் சென்டரில் போன் பண்ணும்போதே கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் கேட்டார்கள், அலர்ஜி உண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தார்கள். "அக்கா, மருந்து போகும்போது உடம்பு முழுக்கச் சூடாகும், யூரின் போயிட்ட மாதிரி தோணும், பயந்துடாதீங்க" என்று டெக்னீஷியன் தம்பி முன்கூட்டியே சொன்னார், அப்படியேதான் இருந்தது. மருந்து இல்லாமல் ஒரு தடவை, தமனியில் மருந்து ஓடும்போது ஒரு தடவை, சிரைக்கு வந்ததும் ஒரு தடவை, கடைசியில் சிறுநீரோடு கீழே இறங்கும்போது இன்னொன்று என்று நான்கு தடவை படம் எடுத்தார்கள்.

இந்த சென்டருக்கு நான் முழு மார்க் போடுவது, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் டாக்டரம்மாவுக்காக. ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்பாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, திரையில் என் ரத்தக்குழாய்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "வலது கிட்னிக்கு ஒண்ணு, இடதுக்கு ரெண்டும்மா. இது நோய் இல்ல, நாலு பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும்" என்றார். கருவில் கிட்னி இடுப்புப் பக்கம் உருவாகி மேலே ஏறுமாம். ஏறும் வழியெல்லாம் பெருந்தமனியிலிருந்து (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய்) புதுக் கிளை வாங்கிக்கொண்டு பழையதை விட்டுவிடும், விடாமல் தங்கிவிட்ட கிளைதான் என் இரண்டாவது குழாய்.

சின்னக் குழாய்தானே, கட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். கூடாதாம், கிட்னிக்குள் ஒரு தமனி போகிற பகுதிக்கு இன்னொரு தமனி ரத்தம் கொடுக்காது. இதைக் கேட்ட அப்பா, "ஒரே வயலுக்கு ரெண்டு மடை, ஒண்ண அடைச்சா அந்தப் பக்கம் காயும்" என்றார். டாக்டரம்மா ஆமாம் என்று சொல்லி இன்னொன்றும் சேர்த்தார்: கிட்னியின் கீழ்முனைக்குப் போகும் தமனியிலிருந்துதான் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதிக்கும் ரத்தம் போகிறது, அந்தத் தமனியை இழந்தால் சிறுநீர்க்குழாய் அழுகி, தம்பிக்குச் சிறுநீர் உள்ளேயே கசியலாம்.

ரிப்போர்ட்டில் இடது கிட்னியின் சிரை பெருந்தமனிக்கு முன்னால் போகிறது என்றும் எழுதியிருந்தார். சிலருக்கு அது பின்னால் போகும், சர்ஜனுக்கு முன்பே தெரியாவிட்டால் பிரித்தெடுக்கும்போது கிழிந்து ரத்தம் கொட்டும். எல்லாம் பார்த்துவிட்டு சர்ஜன் இடது கிட்னியையே எடுத்தார், இடது சிரை நீளம், தம்பி உடம்பில் தைக்க வசதி. வெளியே எடுத்துக் குளிர்ந்த திரவம் செலுத்திய பிறகு, மேஜையிலேயே சின்னத் தமனியைப் பெரியதன் பக்கவாட்டில் தைத்து ஒரே வாயாக்கித்தான் வைத்தார். தம்பி நன்றாக இருக்கிறான், நானும்தான்.

கிட்னிக்கு மட்டும் இந்தக் கதை இல்லை. கல்லீரல் தமனியை மைக்கேல்ஸ் என்ற உடற்கூறு ஆய்வாளர் 200 உடல்களில் அறுத்துப் பார்த்து 1966இல் 10 வகையாகப் பிரித்திருக்கிறார், புத்தகத்தில் இருக்கும் அமைப்பு பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் இருந்தது. சிலருக்கு வலது கல்லீரல் தமனி குடலுக்குப் போகும் தமனியிலிருந்து கிளம்பிக் கணையத்தின் தலைக்குப் பின்னால் போகும், கணைய ஆபரேஷனில் தெரியாமல் வெட்டினால் கல்லீரலுக்கு ஆபத்து.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடம் நெருக்கடி, கழிவறை ஒன்றுதான், வெறும் வயிற்றோடு வருகிற சர்க்கரைக்காரர்களை முதலில் கூப்பிடலாம், கூப்பிடுவதில்லை. கட்டணம் முதலில் போன இடத்தைவிடக் கூடுதல். ரிப்போர்ட்டோடு தரும் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எல்லாப் படமும் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், எங்களுக்கு முதலில் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் போட்டிருந்தார்கள், கேட்டதும் மறுபேச்சில்லாமல் முழுசையும் ஏற்றிக் கொடுத்தார்கள்.