பெட்டியில் வந்த அலுமாரி: திருகோணமலையில் மூன்று மாரிக்குப் பிறகு

உயரம் 180 செ.மீ., அகலம் 80, ஆழம் 40. இரட்டைக் கதவு. 15 மி.மீ. மெலமைன் ஒட்டிய சிப்போர்ட், முதுகுக்கு 3 மி.மீ. ஹார்ட்போர்ட். இரண்டு அட்டைப்பெட்டியிலும் சேர்த்து 50 கிலோவுக்குச் சற்று மேல். நிற்கும் இடம் உவர்மலையில் ஒரு சீமெந்துக்கல் வீடு. முதிரை மரத்து அலுமாரியோடு ஒப்பிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதை மாடிக்கு ஏற்ற நாலு பேர் வேண்டும்.

பலகைகளைப் பொருத்திப் பூட்டுவதில் விட்ட பிழையைத் திருத்தலாம். பலகைக்குள் தண்ணீர் போனால் திருத்த வழியில்லை. கூடவரும் படத்தாளில் இதைப்பற்றி ஒரு கோடுகூட இல்லை. பக்கப் பலகைகளின் அடிவிளிம்பையும் பின்விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். முன்விளிம்பில் பட்டி ஒட்டியிருக்கும், இவை இரண்டும் உமிபோலச் சொரசொரக்கும். மரச்சீவலைப் பசையோடு அமுக்கிச் செய்த பலகை இது. நனைந்தால் அமுக்கம் விட்டுச் சீவல் விரியும், பசைப்பிடிப்பு அறும். பிறகு எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பழைய தடிப்புக்கு வராது. ஆகவே பூட்ட முன்னமே இந்த விளிம்புகளுக்கு கிளியர் வார்னிஷ் இரண்டு பூச்சு. முதற்பூச்சை விளிம்பு அப்படியே குடித்துவிடும், அது காய்ந்தபின் அடுத்தது. தட்டுகளின் பின்விளிம்பும் சேர்த்து மொத்தம் ஒன்பது மீற்றர்தான், 100 மி.லி. தாராளம். துளைகளுக்குள் மட்டும் போகவிடவேண்டாம், பசை பிடிக்காது.

கடையில் ஒரு மணித்தியால வேலை என்பார்கள். இரண்டு பேருக்கு நாலு மணித்தியாலம் எடுக்கும், வார்னிஷ் காயும் நேரம் புறம்பு. முதலில் சாமான்களை ஒரு தட்டத்தில் கொட்டி எண்ணவேண்டும்: கேம் பூட்டு (தண்டின் தலையைக் கவ்வி இரு பலகையை இறுக்கும் வட்டப் பூட்டு) 12, அதற்குரிய ஆணித்தண்டு 12, 8 மி.மீ. மரக்குச்சி 12, பிணைச்சல் 8, தட்டுத்தாங்கி 12. முதுகுப்பலகைக்கு வந்த சின்ன ஆணி 30 மட்டுமே. சுற்றளவு 5.2 மீற்றர் என்பதால் 17 செ.மீ.க்கு ஒன்று என்றாகிறது, போதாது. முக்கால் அங்குல ஆணி இன்னும் இருபது வாங்கி, 10 செ.மீ.க்கு ஒன்றாக அடிப்பது நல்லது.

கூடுதலான பிழைகள் கேம் பூட்டில்தான் நடக்கும். பக்கப்பலகையில் ஏறும் தண்டை அதன் கழுத்துப் பலகையில் முட்டும்வரை மட்டும் திருகவேண்டும். அதற்கு மேலே போனால் தலை பூட்டுக்கு எட்டாது. குறைய நின்றால் பலகைகளுக்கிடையில் வெடிப்புத் தெரியும். பூட்டின் முகத்திலுள்ள அம்புக்குறி, தண்டு நுழையும் விளிம்பைப் பார்த்திருக்கவேண்டும். பிறகு வலப்பக்கமாக அரைச்சுற்று, கையில் இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பூட்டு பிடிபடாமல் முழுச்சுற்றும் சுற்றினால் தண்டு உள்ளே வரவில்லை. கழற்றித் திரும்பப் போடவேண்டும். ட்ரில் மெசினால் இறுக்குவது இந்தப் பலகைக்குச் சத்துரு, துளையை மாவாக்கிவிடும். அப்படித் துளை தளர்ந்துபோனால் தீக்குச்சி இரண்டைப் பைண்டர் கம்மில் (வெள்ளைப் பசை) தோய்த்துச் சொருகி, ஒரு நாள் காயவிட்டுத் திருகினால் பிடிக்கும். மரக்குச்சிகளுக்கும் ஒரு சொட்டுப் பைண்டர் கம் விடலாம், ஆனால் பிறகு அந்த மூட்டைக் கழற்றமுடியாது. வாடகை வீட்டுக்காரர் யோசித்துச் செய்யுங்கள்.

சட்டகம் பூட்டியதும் முன்பக்கம் கீழேயிருக்க, வந்த அட்டையின் மேல் கிடத்தி இரு மூலைவிட்டத்தையும் அளக்கவேண்டும். இரண்டும் 197 செ.மீ. வரவேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் நீண்ட மூலைவிட்டத்தின் மூலையைக் கையால் தள்ளிச் சரிசெய்து, அசையாமல் பிடித்துக்கொண்டே முதுகுப்பலகையை அடிக்கவேண்டும். அலுமாரி ஆடாமல் நிற்பது அந்த 3 மி.மீ. ஹார்ட்போர்ட்டின் புண்ணியத்தில்தான். இங்கே விட்ட கோணலைக் கதவின் பிணைச்சலில் சரிக்கட்ட முடியாது.

கழுவித் தண்ணீர் தள்ளவென்று வாசல்பக்கம் சரித்த தரையென்றால், நிமிர்த்தியபின் அடியில் டைல் துண்டுகளை வைத்து ரசமட்டம் பார்க்கவேண்டும். பக்கத்துக்கு மூன்று இடத்தில், இரண்டு டைல் தடிப்புக்குக் குறையாமல் வைத்தால் தரை துடைக்கும் ஈரமும் அடிவிளிம்பைத் தொடாது. கடதாசி மட்டை மடித்து வைப்பதும் வைக்காமல் விடுவதும் ஒன்றுதான், ஈரத்தை அதுவே உறிஞ்சிப் பலகைக்குக் கொடுக்கும். சுவரிலிருந்து 2 செ.மீ. தள்ளி நிறுத்தி, மேலே இரண்டு எல் வடிவத் தகடு பூட்டவேண்டும். பெட்டியில் வந்த திருகாணி மரத்துக்குரியது. சீமெந்துக்கல்லுக்கு 6 மி.மீ. துளை, பிளாஸ்டிக் பிளக், ஒன்றரை அங்குலத் திருகாணி. துளைக்கும்போது முனை திடீரென்று உள்ளே விழுந்தால் அது கல்லின் பொந்து, பிளக் சும்மா சுற்றும். இரண்டு அங்குலம் தள்ளித் துளையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. இரு கதவையும் திறந்து, கீழ்த்தட்டில் ஒரு பிள்ளை ஏறினாலே அலுமாரி முன்னுக்குச் சரியும்.

முதல் மாதம் பசை வாடை இருக்கும். பகலில் கதவைத் திறந்து விடுவதைத் தவிர வேறு மருந்தில்லை, அரிசி மாவை அதற்குள் வைக்கவும் வேண்டாம்.

தட்டுகள்தான் ஏமாற்றம். 77 செ.மீ. நீளத்துக்கு 15 மி.மீ. பலகை மெலிவு. புத்தகம் அடுக்கிய தட்டு ஓராண்டில் நடுவில் தெளிவாகத் தொய்ந்தது. உடுப்பு வைத்த தட்டு நேராகவே இருக்கிறது. தொய்ந்ததைக் கவிழ்த்துப் போட்டால் கொஞ்சக் காலம் ஓடும். ஒழுங்கான வழி, முன்விளிம்புக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டு அங்குலச் சட்டம் ஒன்றை நிமிர்த்தித் திருகுவது. பாரமானவற்றை அடித்தட்டில் வையுங்கள்.

மாரியில் மெலமைன் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகின் வெளிப்பக்கத்தில் மட்டும் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்தது, துடைத்து அதற்கும் வார்னிஷ் அடித்தபின் வரவில்லை. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நடப்பது வேறு. பலகை காய்ந்து சற்றுச் சுருங்க, பூட்டுகள் தளரும், கதவு மூடும்போது சட்டகம் மெல்ல முனகும். ஒவ்வொரு பூட்டையும் கையால் கால் சுற்று இறுக்கினால் முனகல் நிற்கும். பிணைச்சல்களில் உப்புக்காற்றால் இரண்டாம் ஆண்டே கறள் புள்ளி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமென்றால் இன்னும் வெள்ளென எதிர்பார்க்கலாம். மூன்று மாதத்துக்கொருமுறை தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் தூசு சேர்ந்து களியாகிவிடும். சுவரோரம் விட்ட அந்த 2 செ.மீ.க்குள் மாதம் ஒருமுறை டோர்ச் அடித்து, கறையான் மண்கோடு ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

வீடு மாறும்போது இழுக்க வேண்டாம், அடிவிளிம்பு பிய்யும். தட்டுகளையும் கதவுகளையும் கழற்றி, முதுகை அப்படியே விட்டு, இருவர் படுக்கையாகத் தூக்கினால் வாசலால் போகும். முழுதாகப் பிரித்துப் பூட்டுவதை ஒருமுறை தாங்கும். இரண்டாம் முறைக்குத் தீக்குச்சிப் பெட்டியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.