தீவுக் குறூஸ், நண்டு விருந்து, வைன்: முற்பணம் போடுமுன் படகு யாருடையது என்று கேளுங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம், பிள்ளைகளோடு ஒன்பது பேர், ஆளுக்கு 18,500 ரூபாய் கட்டி ஒருநாள் "தீவுக் குறூஸ்" (உல்லாசப் படகுப் பயணம்) பதிவு செய்தார்கள். விளம்பரப் படத்தில் வெள்ளை நிற இரட்டைத் தட்டுப் படகு. நயினாதீவு, கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டை, மணல் திட்டில் நண்டு விருந்து, பொழுதுபடும் நேரத்தில் யாழ்ப்பாண வைன் என்று எழுதியிருந்தது. நடந்தது வேறு. வாகனத்தில் ஏற்றி, தீவுகளுக்குப் படகு ஏறும் துறையான குறிகட்டுவானில் இறக்கினார்கள். எல்லாச் சனமும் போகும் பயணிகள் படகிலேயே நயினாதீவு போய் வந்தார்கள். பிறகு மீன்பிடிப் பைபர் படகு ஒன்றில் ஒன்பது பேரையும் ஏற்றினார்கள். ஓட்டியோடும் உதவியாளோடும் பதினொரு பேர். உயிர்காப்பு அங்கி நாலு, அதில் பிள்ளைகளின் அளவுக்கு ஒன்றும் இல்லை. கடற்கோட்டையைத் தூரத்தில் நின்று கையால் காட்டினார்கள். விடியப்புறம் சமைத்து பிளாஸ்ரிக் பெட்டியில் அடைத்த நண்டுக் கறியைப் பகல் இரண்டு மணிக்குத் திறந்தார்கள். வைன் என்று வந்தது லேபல் இல்லாத போத்தலில் சிவப்பு நிற இனிப்புத் தண்ணீர். அன்றிரவு இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும்.

காசு வாங்கியவரைக் கேட்டால் "படகுக்காரரோடு கதையுங்கோ" என்றார். படகுக்காரரைக் கேட்டால், தனக்குத் தந்தது எண்ணெய்க் காசும் நாள் கூலியும் மட்டும்தான் என்றார். சமைத்துக் கொடுத்த அம்மாவுக்கு அது எத்தனை மணிக்குச் சாப்பிடப்போகும் சாப்பாடு என்றே ஒருவரும் சொல்லவில்லை.

இந்தக் குழப்பம் தற்செயல் அல்ல. "குறூஸ்" என்று ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் மூன்று தொழில்: படகு, அடுப்படி, மதுபானம். மூன்றுக்கும் வேறு வேறு உரிமையாளர், வேறு வேறு அனுமதி. முற்பணம் வாங்குகிறவரிடம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றும் இருப்பதில்லை. ஒரு பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப் இலக்கமும்தான் இருக்கும். நேர்மையாக இந்தத் தொழிலைச் செய்பவர்கள் தீவகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் "படகு யாருடையது, எங்கே சமைக்கிறீர்கள், குடிவகை எங்கே வாங்குகிறீர்கள்" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வரும். மழுப்புகிறவரிடம் காசு போடாதீர்கள்.

முதலில் படகு. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது, பல இடங்களில் இறங்கி நடக்கலாம். சாதாளை என்ற கடற்புல் படகின் சுழலியில் சுற்றும், வற்று நேரத்தில் அடி தட்டும். தட்டுத் தட்டாக உயர்ந்த படகுக்கு அங்கே இடமில்லை. 2023இல் காங்கேசன்துறைக்கு இந்தியாவிலிருந்து ஒரு பெரிய பயணக்கப்பல் வந்ததல்லவா, அதன் படத்தைப் போட்டுப் பைபர் படகுச் சவாரி விற்கிறார்கள். "நான் ஏறப்போகும் படகை, பதிவு இலக்கம் தெரியும்படி இன்றைக்கு எடுத்த படமாக அனுப்புங்கள்" என்று கேளுங்கள். இலக்கம் இருந்தால் மட்டும் போதாது. கடற்றொழில் திணைக்களத்தின் பதிவு மீன்பிடிக்கத் தரப்பட்டது, பயணிகளை ஏற்றத் தரப்பட்டது அல்ல. ஆட்களை ஏற்ற என்ன அனுமதி, விபத்துக் காப்புறுதி இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் பயணிகள் படகில் கால் மணி நேரம், சில வேளை சற்றுக் கூட. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கட்டணம் மிகக் குறைவு, துறையில் நீங்களே கொடுத்துவிட்டு ஏறலாம். பக்கேஜில் "படகுப் பயணம்" என்று இருந்தால் அது தனிப்படகா, இந்தப் படகா என்று எழுத்தில் வாங்குங்கள். "நயினாதீவில் பாரம்பரிய மதிய உணவு" என்று போட்டுக் காசு வாங்குவதும் நடக்கிறது. கூட்டிப்போய் உட்கார வைப்பது நாகபூசணி அம்மன் கோவில் அன்னதான மண்டபத்தில். அங்கே சாப்பாடு யாருக்கும் இலவசம், கொடுப்பதென்றால் உண்டியலில் போடலாம். பசித்து வரும் அடியாருக்கு இடும் சோற்றை விலைப்பட்டியலில் ஏற்றுவதைப்போல மனம் நோகிற வேலை இந்தத் தொழிலில் வேறில்லை.

கடற்கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அவர்களின் ஒழுங்கில்லாமல் தனியார் படகு அங்கே ஆள் இறக்க முடியாது. "கடற்கோட்டை தரிசிப்பு" என்று எழுதியிருந்தால் சுற்றிக் காட்டுவதா, உள்ளே இறங்குவதா என்று கேளுங்கள். கச்சதீவு என்று யாராவது விற்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். அங்கே போவது மாசி, பங்குனியில் வரும் அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும், அதுவும் அரச ஒழுங்கில்.

துறையில் நின்று ஏறுமுன் இரண்டு விடயங்களைக் கண்ணால் பாருங்கள். அங்கிகளைத் தலைக்கு ஒன்றாக எண்ணுங்கள். பிள்ளைக்குப் பெரியவர் அங்கி போட்டால் தண்ணீரில் அது காதுக்கு மேலே ஏறிவிடும், பிள்ளை கீழே வழுகும். அடுத்தது, எல்லோரும் ஏறிய பிறகு படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு முழமாவது இருக்க வேண்டும். 18, 19 அடிப் பைபர் படகில் ஓட்டியைச் சேர்த்து ஆறேழு பேருக்கு மேல் ஏற்றுவது எங்கள் கணக்கில் பிழை. படம் எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், அலை உள்ளே வரும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் பலமாக வீசும், நெடுந்தீவுப் பக்கம் பின்னேரத்தில் கடல் கிளம்பும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடையும். "பொழுதுபடும் சவாரி" இந்த மாதங்களில் எழுதிய நேரத்துக்கு நடக்கும் என்று நம்ப முடியாது. காற்றால் நின்றால் காசு திரும்புமா, திகதி மாறுமா என்ற வரி இல்லாத பக்கேஜை எடுக்கவே வேண்டாம்.

இனி நண்டு. ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான், ஏனென்றால் தூளும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கறியாக்கிய பிறகு நண்டின் வரலாறு தெரியாது. எங்கள் கடலில் கறிக்குப் பெரும்பாலும் வருவது நீலக்கால் நண்டு. ஒரு கிலோவுக்கு நாலு முதல் ஆறு வரை நிற்கும். கோதும் செவுளும் போனால் சதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே "ஆளுக்கு அரைக் கிலோ நண்டு" என்றால் தட்டில் சதையாக வருவது 150 கிராம் அளவு. சேற்று நண்டு வேறு சாதி. கனத்த கோது, பெரிய கொடுக்கு, விலையும் பல மடங்கு. சேற்று நண்டின் படத்தைக் காட்டிச் சின்ன நீலக்கால் நண்டைப் போடுவது வழமையாகிவிட்டது. எந்த நண்டு, ஆளுக்கு எத்தனை கிராம், உயிரோடு நிறுத்ததா சுத்தம் செய்து நிறுத்ததா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நிறுக்கும்போது நில்லுங்கள். நண்டைப் பின்பக்கத்தால் தூக்கினால் கால்கள் விறைத்து அசைய வேண்டும். தொங்கினால் செத்தது. வயிற்றுப் பக்கத்துக் கோதைப் பெருவிரலால் அழுத்துங்கள். உள்ளே போனால் அண்மையில் தோல் கழற்றிய தண்ணி நண்டு. நிறுவையில் கனம் காட்டும், சட்டியில் தண்ணீராய் ஓடும், கோதுக்குள் நூல் நூலாய்க் கொஞ்சம் சதைதான் மிஞ்சும். செத்து நேரமான நண்டில் சமிபாட்டுச் சுரப்பியின் நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் சிலவேளை கறியில் நண்டுச் சதை மா மாதிரிக் குழைந்து கோதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல நண்டின் சதை கட்டியாகக் கழன்று வரும், இனிக்கும். நண்டின் கால் மூட்டை உடைத்ததும் மூக்கைக் குத்தும் அமோனியா வாசம் வந்தால் ஒரு வாய்கூட வைக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிய உறைப்போடு வரும் கறியையும் சந்தேகத்தோடு பாருங்கள். யாழ்ப்பாணத்து நண்டுக் கறி உறைப்புத்தான், ஆனாலும் அதில் பெருஞ்சீரகமும் கடைசியில் போட்ட முருங்கை இலையும் தனியாக மணக்க வேண்டும்.

படகில் சாப்பாடு என்றால் நேரம்தான் முக்கியம். தேங்காய்ப்பால் விட்ட கறி 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் நின்றால் கிருமி பெருகும். இரண்டு மணி நேரம் எல்லை. 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் ஒரு மணி நேரம். காலை ஆறு மணிக்கு இறக்கிய கறியைச் சூட்டோடு மூடி, வெயிலில் படகின் அடியில் வைத்துப் பகல் இரண்டு மணிக்குத் திறப்பது எட்டு மணி நேரம். இதற்கு மாற்று கடினமானது அல்ல. சாப்பாட்டைக் கரையில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலணைப் பக்கத்திலோ காரைநகரிலோ வீட்டில் சமைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையால் சுடச்சுடச் சாப்பிடுவதற்கு எந்த மணல் திட்டும் ஈடாகாது.

சுட்ட மீன் தருகிறோம் என்றால் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அறக்குளா, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்ரமின் ஊறும். அது சுட்டாலும் பொரித்தாலும் அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலையிடிக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் நினைப்பது இதைத்தான். மீனளவுக்கு ஐஸ் இருக்க வேண்டும், கிலோவுக்குக் கிலோ.

காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழிலும் கை வைக்கிறார்கள். ஒடியல் மாவை ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை வடித்துக் காறலை எடுப்பது நேரம் பிடிக்கிற வேலை. அதைத் தவிர்த்து அரிசி மாவைக் கரைத்துத் தடிப்பாக்கி, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பிளாவைப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல கூழில் ஒடியலின் மெல்லிய கசப்பு நாக்கின் அடியில் நிற்கும்.

மதுபானத்துக்கு வருவோம். பனங்கள்ளு காலையும் மாலையும் இறக்குவது. இறக்கிய உடனே புளிக்கத் தொடங்கிவிடும். மழை மாதங்களில் பனையேறுவது குறைவதால் அப்போது பனங்கள்ளு என்று தருவது பெரும்பாலும் தென்னங்கள்ளு. சீனி கரைத்த கள்ளு முதல் வாயில் இனிக்கும், பிறகு வெறும் தண்ணீர். புளிக்காத "கருப்பநீர்" என்று பிள்ளைகளுக்குக் கொடுத்தால் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளுத்தான். கள்ளுத் தவறணையில் வாங்கிய கள்ளை இறுக்கி மூடி வாகனத்தில் வைக்காதீர்கள், சூட்டில் போத்தல் வெடிக்கும். கொண்டுபோக வேண்டுமானால் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் போத்தலில் அடைத்து விற்கும் கள்ளை வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை (திராட்சை)த் தோட்டங்கள் உண்டு, தோலகட்டி ஆச்சிரமத்தின் முந்திரிகை ரசத்துக்கும் நெல்லி ரசத்துக்கும் நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரில் குளிர்காய்ந்துதான் லேபல் இல்லாத "யாழ்ப்பாண வைன்" விற்கிறார்கள். அனுமதியில்லாத மது விற்பனை குற்றம், உள்ளே என்ன கலந்தது என்பதற்குப் பொறுப்பாளியும் இல்லை. தொடாதீர்கள். வெளிநாட்டு வைன் தருவதாகச் சொன்னால் உங்கள் முன் திறக்கச் சொல்லுங்கள். 750 மில்லிலீற்றர் போத்தலில் 150 மில்லிலீற்றராக ஐந்து கிளாஸ் வரும். ஒன்பது பேருக்கு "அளவில்லா வைன்" என்று ஒரு போத்தலை வைத்தால் கணக்கு உங்களுக்கே தெரியும். தக்கை மேலே தள்ளியிருந்தால், வெள்ளை வைன் தேயிலைச் சாய நிறத்துக்குப் போயிருந்தால், வெக்கையில் கிடந்து கெட்டது. பௌர்ணமிப் போயா நாளில் இலங்கையில் மது விற்க முடியாது. பக்கேஜ் திகதி போயாவில் விழுந்தால் அந்தப் பங்கைக் கழித்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

காங்கேசன்துறை – நாகப்பட்டினம் சேவையையும் சிலர் "சர்வதேசக் குறூஸ்" என்று விற்கிறார்கள். அது பயணிகள் படகுச் சேவை, விருந்தும் வைனும் உள்ள கப்பல் அல்ல. காலநிலையால் நிறுத்தப்படுவதும் உண்டு. ரிக்கற்றை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையால் எடுங்கள். முகவர் தன் கணக்கில் எடுத்தால் மீளளிக்கும் காசும் அவர் கணக்குக்குத்தான் போகும்.

காசு விடயத்தில், தனிநபர் வங்கிக் கணக்குக்கு முழுத்தொகை போடாதீர்கள். கால் பங்கு முன்னே, மிச்சம் கரைக்கு வந்த பிறகு. விலையில் பெறுமதி சேர் வரியான வற் 18 வீதம், சேவைக் கட்டணம் 10 வீதம் உள்ளடக்கமா என்று கேளுங்கள். கடைசியில் வரி என்று தாளில் எழுதிக் கூட்டுகிறவரிடம் வற் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், இல்லாவிட்டால் அதைக் கொடுக்கத் தேவையில்லை. பதிவுக்கு முன் இப்படி ஒரு செய்தி அனுப்பிப் பதிலை வாங்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை வராது: "படகு உரிமையாளர் பெயர், பதிவு இலக்கம், ஏறும் ஆட்கள், அங்கி எத்தனை, போகும் இடங்களில் இறங்குவது எவை, நண்டு எந்த வகை எத்தனை கிராம், சமைக்கும் இடமும் நேரமும், காற்றால் நின்றால் என்ன, மொத்த விலை வரியோடு எவ்வளவு."

ஏமாந்துவிட்டால் அன்றைக்கே ஆதாரங்களைச் சேருங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பக்கம் மறுநாள் மறைந்துவிடலாம். வங்கிச் சிட்டை, படகின் இலக்கம், அங்கிகளின் படம் எல்லாம் வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் கடமை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கு 1912. காசை வாங்கிக்கொண்டு ஆளே வராவிட்டால் அது பொலிஸ் முறைப்பாடு. சாப்பாட்டால் வருத்தம் வந்தால் மிச்சக் கறியைக் கொட்டாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வைத்தியசாலைத் துண்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று எழுதச் சொல்லுங்கள். விமானம் ஏறுமுன் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி, ஊரில் இருக்கும் ஒரு உறவினரைத் தொடர்புக்குக் குறித்துவிட்டுப் போங்கள்.